மஸ்ஸல் லார்வாவுக்கான தொடர் நீரோட்டத் தொட்டி: 11 தொகுதிகள் ஓட்டிய பிறகு

இந்தத் தொட்டிகள் எங்கள் ஹேச்சரிக்கு, அதாவது சிப்பிக் குஞ்சு பொரிப்பகத்துக்கு, வந்து 14 மாதம் ஆகிறது. மஸ்ஸல் என்பது இரட்டை ஓட்டுக் கடல் சிப்பி, லார்வா அதன் நீந்தித் திரியும் இளம் பருவம். இதுவரை 11 தொகுதி மஸ்ஸல் லார்வா இவற்றில் ஓட்டி முடித்திருக்கிறேன். 8 கரை சேர்ந்தன, 3 போயின. போன மூன்றில் முதல் இரண்டும் தொட்டியோடு வந்த பாகங்களால் போனவை. மூன்றாவது என் கவனக்குறைவு, அதையும் மறைக்காமல் கீழே சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இது வாங்கத் தகுந்த சாமான். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் இரண்டு பாகங்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். ஒன்று தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் வால்வு, மற்றொன்று தண்ணீர் வெளியே போகும் இடத்தில் இருக்கும் வடிகட்டி. நடுவில் இருப்பதெல்லாம் நல்லது. வாசலும் கொல்லையும்தான் கோளாறு.

நாங்கள் வளர்ப்பது மிட்டிலஸ் என்ற மஸ்ஸல் வகை. நீர் 18 டிகிரி. லார்வா அறையில் 11 வருடமாக இருக்கிறேன். அதில் ஏறத்தாழ பத்து வருடம் பழைய முறைதான், அதாவது தேங்கிய நீரில் வளர்ப்பது. 1000 லிட்டர் தொட்டி, மில்லிலிட்டருக்கு 5 லார்வா, இரண்டு நாளைக்கு ஒரு முறை மொத்தத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். தண்ணீர் மாற்றுவது என்று சொன்னால் சின்ன வேலையாகத் தெரியும். தொட்டியின் அடி வால்வைத் திறந்து, ஒரு அகலமான தட்டில் பாதி மூழ்கியிருக்கும் சல்லடையின் மேல் மெல்ல வடிய விட வேண்டும். சல்லடை வலை எந்த நேரமும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், காற்றில் தெரிந்தால் லார்வா வலையோடு ஒட்டிக்கொள்ளும். நாற்பது நிமிடத்தில் ஐந்து மில்லியன் உயிரும் ஒரு உள்ளங்கை அளவு வலையின் மேல் ஈரமான பொடி மணல் போலப் படிந்து நிற்கும். அதைப் பீச்சுக் குப்பியால் கழுவி வாளிக்கு மாற்றி, எண்ணி, புதுத் தண்ணீரில் விட வேண்டும்.

வேலை செய்கிற நமக்கு அது ஒரு காலைப் பொழுது. லார்வாவுக்கு அது பெரிய விபத்து. சல்லடையிலிருந்து எடுத்த ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எல்லாம் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு கிடக்கும். நீந்துவதற்கும் இரை சேர்ப்பதற்கும் இருக்கும் வீலம், அந்த மயிரிழை வட்டம், உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். சில நேரம் சளியால் பத்துப் பன்னிரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். புதுத் தண்ணீரில் விட்ட பிறகு எல்லாம் மேலே எழுந்து, வயிறு மறுபடி பொன்பழுப்பு நிறமாக மாற, சாயங்காலம் ஆகிவிடும். இரண்டு நாளுக்கு அரை நாள் பட்டினி. மூன்று வாரத்தில் ஒன்பது பத்து முறை. இந்தக் கணக்கைப் பல வருடம் நான் போடவே இல்லை. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நானும் செய்துகொண்டிருந்தேன்.

புதுத் தொட்டி இந்த வேலையைத்தான் குறைக்கிறது. நான்கு தொட்டி, ஒவ்வொன்றும் 150 லிட்டர், அடிப்பக்கம் கூம்பு. மேலிருந்து ஒரு குழாய் கூம்பின் அடிவரை இறங்கி, வடிகட்டிய நீரையும் லார்வாவுக்கு இரையான நுண்பாசியையும் ஓயாமல் கொண்டுவருகிறது. தொட்டி நடுவில் நிற்கும் வலை வடிகட்டி வழியாகப் பழைய நீர் வெளியேறுகிறது. வடிகட்டியின் அடியில் ஒரு காற்று வளையம், அதிலிருந்து எழும் குமிழிகள் வலையைத் துடைத்துக்கொண்டே இருக்கும். பாசிக்கு ஒரு பெரிஸ்டால்டிக் பம்ப் (மெல்லிய குழாயை உருளைகளால் அழுத்தித் தள்ளுவது), நீருக்கு ஒவ்வொரு தொட்டிக்கும் ஓட்டமானி. அவ்வளவுதான். இந்த யோசனை புதிதும் அல்ல. நியூசிலாந்தின் காத்ரான் ஆய்வு நிறுவனம் 2005 வாக்கிலேயே இரண்டரை லிட்டர் அளவே உள்ள சின்னஞ்சிறு தொட்டிகளில் பச்சை உதட்டு மஸ்ஸலை மிக நெருக்கமாக வளர்த்துக் காட்டிவிட்டது. எங்களுக்கு வந்தது அதே யோசனையின் பெரிய உருவம்.

மில்லிலிட்டருக்கு 40 விடலாம் என்று விற்றவர்கள் சொன்னார்கள். 150 லிட்டரில் 40 என்றால் 6 மில்லியன். எங்கள் பழைய 1000 லிட்டர் தொட்டியில் இருந்ததைவிடக் கூடுதல். நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

சரி, முதல் தொகுதிக்கு வருகிறேன்.

முட்டையும் விந்தும் சேர்த்து இரண்டு மணி நேரம் கழித்துக் கருக்களை அடைகாக்கும் வாளிகளுக்கு மாற்றினோம். புது அமைப்பின் குழாயிலிருந்தே தண்ணீர் பிடித்து நிரப்பினோம், புதுசு ஆயிற்றே என்று. ஒரே ஒரு வாளியை மட்டும் பழைய குழாயில் பிடித்தேன். அது என் பழக்கம். எதை மாற்றினாலும் மாற்றாத வாளி ஒன்று மூலையில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் பார்த்தால், மூலை வாளியில் பத்தில் எட்டு அழகான டி வடிவம், ஆங்கில D எழுத்துப் போல: நேரான கீல், வட்டமான விளிம்பு, சுழலும் வீலம். மற்ற வாளிகளில் இருந்தவற்றை என்ன சொல்வது, யாரோ கசக்கிப் போட்ட காகிதம் போல இருந்தன. கீல் உள்வாங்கி, ஓடு பாதியில் நின்று, சதை வெளியே பிதுங்கி. சாகவில்லை, சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. அது இன்னும் பார்க்கச் சகிக்கவில்லை.

இப்படிக் கோணலான ஓடுகளைப் பார்த்ததும் உலோகம் என்று சந்தேகப்பட வேண்டும். மஸ்ஸல் கருவை 48 மணி நேரம் வைத்து ஓடு நேராக வருகிறதா என்று பார்ப்பது கடல்நீரில் நச்சு இருக்கிறதா என்று அறியும் வழக்கமான சோதனை. செப்புக்கு அது அவ்வளவு கூர்மையானது: லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் வாக்கிலேயே பாதிக் கருக்கள் கோணலாகிவிடும். அமைப்பை அக்கு அக்காகக் கழற்றினோம். எல்லாம் பிளாஸ்டிக், எல்லாம் சிலிகான். ஓட்டமானியின் தலைப்பில், கறுப்புப் பூச்சுப் பூசி, ஒரு ஊசி வால்வு. நகத்தால் சுரண்டினால் மஞ்சளாக மின்னியது. பித்தளை. பித்தளையில் பாதிக்கு மேல் செப்பு.

நன்னீர் மீன் வளர்ப்புக்கோ தோட்டத்துச் சொட்டு நீருக்கோ அது நல்ல வால்வுதான். மஸ்ஸல் லார்வாவுக்கென்று எழுதி விற்கிற சாமானில் அது எப்படி வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விற்றவர்களிடம் படம் அனுப்பினேன். மூன்றாம் நாள் நான்கு பிளாஸ்டிக் வால்வு வந்து சேர்ந்தது, மன்னிப்புக் கடிதத்தோடு. வேகத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் கடிதத்தில் "சில உணர்திறன் மிக்க இனங்களுக்கு" என்று எழுதியிருந்தார்கள். சில இனமாம். இரட்டை ஓட்டுச் சிப்பி எதன் கருவை அதில் வைத்தாலும் கதை இதுதான் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு கருவை அடைகாக்கும் நீரில் மட்டும் சிறிது ஈடிடிஏ சேர்க்கிறேன். உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நியூசிலாந்துக்காரர்கள் நீரில் இருக்கும் துத்தநாகத்தால் வரும் கோளாறைக்கூட இதனால் தணிக்க முடிகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அதை நம்பிப் பித்தளையை அப்படியே விட்டு வைக்காதீர்கள்.

இரண்டாவது தொகுதி நன்றாகப் பிறந்தது. இரண்டாம் நாள் மாலை டி லார்வாக்களைத் தொட்டிக்கு மாற்றினோம். நீளம் 100 மைக்ரான் சுற்றி (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கையேட்டில் முதல் நாளிலிருந்தே மணிக்கு 50 லிட்டர் ஓட்டம், 60 மைக்ரான் வலை என்று போட்டிருந்தது. அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விடியற்காலை எங்கள் அறையில் புதிதாகச் சேர்ந்த பெண் போன் செய்தாள். "அக்கா, கீழ்த் தொட்டியில மேகம் மாதிரி என்னவோ சுத்துது."

வந்து பார்த்தேன். கழிவு நீர் சேரும் கீழ்த் தொட்டியில், விளக்கு வெளிச்சம் விழும் பக்கமாக, மெல்லிய பழுப்பு மேகம். ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். எங்கள் பிள்ளைகள்தான். ஆரோக்கியமாக, வயிறு நிறைய, வீலம் சுழல நீந்திக்கொண்டிருந்தன. வடிகட்டி வழியாக வெளியே வந்திருக்கின்றன. மேல் தொட்டியைக் கலக்கி மூன்று முறை ஒரு மில்லிலிட்டர் எடுத்து எண்ணினேன். 40 இருக்க வேண்டிய இடத்தில் 31, 33, 30. ஒரே இரவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயாயிற்று.

60 மைக்ரான் ஓட்டை வழியாக 100 மைக்ரான் லார்வா எப்படிப் போகும் என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் லார்வாவின் நீளத்தைத்தான் எப்போதும் சொல்கிறோம். ஆனால் அது பந்து அல்ல, தட்டையான சாமான். 100 நீளம் என்றால் உயரம் 75 வாக்கில், தடிமன் அதைவிட இன்னும் குறைவு. நீளவாக்கில் முனையை முன்னால் வைத்து நுழைந்தால் அதற்குத் தேவை அந்தக் குறுகிய வெட்டுமுகம் மட்டுமே. ஓட்டையோ சதுரம், அதன் மூலைவிட்டம் பக்கத்தைவிட 1.4 மடங்கு. 60 மைக்ரான் ஓட்டை மூலைக்கு மூலை 85. உண்டியலில் காசைப் போடுவது போலக் குறுக்காக நுழைந்துவிடும்.

அதோடு ஓட்டை 60 என்பதும் முழு உண்மையில்லை. வடிகட்டியின் வலையில் ஒரு துண்டை வெட்டி மைக்ரோஸ்கோப் அளவுகோலில் வைத்து 50 ஓட்டைகளை அளந்தேன். 57 முதல் 71 வரை கிடைத்தது. வலையை உருளையின் மேல் இழுத்து ஒட்டும்போது ஓரங்களில் நூல் நகர்ந்துவிட்டிருக்கிறது. நடுவில் ஒழுங்காக இருக்கிறது, ஒட்டின விளிம்பில் நீண்டிருக்கிறது. லார்வா தப்பிக்க எல்லா ஓட்டையும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது, தேடிக் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது, ஏனென்றால் அது ஒரு காகிதத்தில் ஐந்து நிமிடம் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். வடிகட்டி 10 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. உயரமும் உள்ள உருளை. பக்கப் பரப்பு 471 சதுர செ.மீ. மணிக்கு 50 லிட்டர் என்றால் விநாடிக்கு 14 கன செ.மீ. வலையை நோக்கி வரும் நீரின் வேகம் விநாடிக்கு 0.3 மில்லிமீட்டர். வலையில் ஓட்டையாக இருப்பது மூன்றில் ஒரு பங்குதான், மற்றது நூல். ஆக ஓட்டைக்குள் வேகம் 0.9 மில்லிமீட்டர். டி லார்வா நீந்துவதே விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குள். வலை கொஞ்சம் அடைத்தாலும் அது நீந்தித் தப்பிக்க வழியே இல்லை. வலைமேல் ஒட்டி நிற்கும், இல்லாவிட்டால் நுழைந்து போகும். தொட்டியைப் பெரிதாகக் கட்டி, வடிகட்டியைச் சிறிதாகக் கட்டியிருக்கிறார்கள். வீடு பெரிது, கதவு எலி வளை.

சரி, நானே செய்துகொள்கிறேன் என்று இறங்கினேன். 315 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 6 செ.மீ. அகல வளையம் நான்கு அறுத்து வாங்கினேன். மேளத்துக்குத் தோல் கட்டுவது போல இரண்டு பக்கமும் வலை. ஹேச்சரிக்காரர்கள் பேஞ்சோ என்பார்கள், அந்த வாத்தியத்தின் உருவம் அது. வலையை இழுக்காமல், தட்டையாகத் தரையில் விரித்து, அதன்மேல் வளையத்தை வைத்து ஒட்டினேன். சிலிகான் காய்ந்து வினிகர் வாடை முழுதாகப் போக ஒரு வாரம் நீரில் ஊறவைத்தேன். இரண்டு முகமும் சேர்ந்து 1500 சதுர செ.மீ.க்கு மேல். வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. முதல் ஐந்து நாளைக்கு 45 மைக்ரான் வலை, மணிக்கு 20 லிட்டர் ஓட்டம். கீழ்த் தொட்டியில் அதற்குப் பிறகு மேகம் பார்க்கவில்லை. தினமும் காலையில் ஒரு லிட்டர் கழிவு நீரைச் சல்லடையில் ஊற்றிப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இனிமேல் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லதும் நிறைய இருக்கிறது.

மூன்றாம் தொகுதியில் ஆறாம் நாள் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்துவிட்டது. பழைய முறையில் எந்த நேரம் பார்த்தாலும் ஒரு கூட்டம் நிறைந்த வயிறு, ஒரு கூட்டம் வெளிறின வயிறு, கொஞ்சம் அடியில் கிடப்பது என்று கலந்துதான் இருக்கும். இங்கே எல்லாம் ஒரே நிறம். வயிறு தேன் நிறத்தில், அதற்குள் உணவைக் கடையும் தண்டு சுழல்வது உயர்ந்த உருப்பெருக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. காலை, மதியம், இரவு எப்போது பார்த்தாலும் அப்படியே. யாரும் அவற்றை இரண்டு நாளுக்கு ஒரு முறை தூக்கவில்லை, கழுவவில்லை, எண்ணுகிறேன் என்று அள்ளவில்லை. மூன்றாம் நாள் 110 மைக்ரான் இருந்தவை 17-ஆம் நாள் 250 ஆகி, கண்புள்ளி வைத்து, கால் நீட்ட ஆரம்பித்துவிட்டன, அதாவது ஒட்டிக் குடியேறத் தயார். நாளுக்குப் பத்து மைக்ரான். பழைய முறையில் அதே அளவுக்கு எனக்கு 21 நாள் ஆகும். தண்ணீரும் அதே, வெப்பமும் அதே, பாசியும் அதே டி-ஐசோவும் கீட்டோசெராஸும்தான். மாறினது நான் அடிக்கடி கை வைக்காதது மட்டும்.

பாசி கொடுக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் லார்வா எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டு, காலையில் ஒரு குடம் ஊற்றுவோம். காலையில் விருந்து, இரவில் பட்டினி. இங்கே வெளியேறும் நீரில் எவ்வளவு பாசி மிஞ்சுகிறது என்று எண்ணினால் போதும். மில்லிலிட்டருக்கு 20,000 செல் மிஞ்சும்படி பம்பை வைத்துக்கொள்கிறேன். 10,000க்குக் கீழே இறங்கினால் பிள்ளைகள் பசியாக இருக்கின்றன, பம்பைக் கூட்டு. 40,000 ஏறினால் ஒன்று அதிகம் கொடுக்கிறாய், அல்லது அவை சாப்பிடுவதை நிறுத்திவிட்டன. இரண்டாவதாக இருந்தால் வேறு எந்த அறிகுறிக்கும் முன்னால் இது சொல்லிவிடும். எனக்கு இந்த அமைப்பில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். லார்வா பேசாது, மிச்சச் சாப்பாடு பேசும்.

ஆனால் பாசி அறைக்கு இது பெரிய சுமை. 6 மில்லியன் லார்வா, ஆளுக்கு நாளொன்றுக்கு 20,000 செல் என்று வைத்தால், மில்லிலிட்டருக்கு 8 மில்லியன் செல் உள்ள நல்ல கெட்டியான வளர்ப்பில் 15 லிட்டர் வேண்டும். ஓட்டத்தோடு வீணாவது இன்னொரு 3 லிட்டர். நான்கு தொட்டிக்கு 72 லிட்டர், தினமும், ஞாயிற்றுக்கிழமையும். விற்பனைத் தாளில் தொட்டியின் படம் பளபளவென்று இருக்கிறது, அதன் பின்னால் நிற்க வேண்டிய பாசிப் பைகளின் வரிசை எங்கும் இல்லை. அந்த வரிசை உங்களிடம் இல்லாவிட்டால் மில்லிலிட்டருக்கு 40 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். 15 வைத்து ஓட்டினாலும் கை வைக்காத லாபம் கிடைக்கும்.

தண்ணீர் மிச்சமாகும் என்று அதே தாளில் இருக்கிறது. அது சரியில்லை. பழைய தொட்டி இரண்டு நாளுக்கு 1000 லிட்டர், ஆக நாளுக்கு 500. இது மணிக்கு 50 லிட்டரில் ஓடினால் நாளுக்கு 1200. மிச்சமாவது தரை இடம், ஆள் நேரம். தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது, அதையெல்லாம் ஒரு மைக்ரான் வரை வடிகட்டி, யூவி (புற ஊதா) ஒளி காட்டி, 18 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ் மாற்றும் முறை வாரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்றாகிவிட்டது.

போன மூன்றில் மூன்றாவது என் கவனக்குறைவு என்றேனே, அது ஏழாவது தொகுதி. ஒரு பாசிப் பை கொஞ்சம் நுரைத்திருந்தது. வாடையும் லேசாக மாறியிருந்தது. அன்று வேறு பை தயாராக இல்லை, போகட்டும் என்று மாட்டிவிட்டேன். மறுநாள் மிச்சப் பாசி எண்ணிக்கை 60,000. சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் வீலம் உதிர்ந்த லார்வாக்கள், பிளந்த ஓட்டுக்குள் புகுந்து குடையும் சிலியேட்டுகள் என்ற ஒருசெல் உயிர்கள். பாசியோடு வந்த பாக்டீரியா, விப்ரியோவாகத்தான் இருக்கும். பழைய முறையில் ஒரு தொட்டி போகும், மற்றவை பிழைக்கும். இங்கே ஒரே பம்ப், ஒரே குழாய், நான்கு தொட்டிக்கும் ஒரே சாப்பாடு. நான்கும் போயின. நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் கிருமி தங்காது என்று பலர் நினைக்கிறார்கள். நீர் ஓடுகிறது, சுவரில் படிந்த வழவழப்பு ஓடுவதில்லை. நான்கு நாளைக்கு ஒரு முறை லார்வாவை இறக்கிச் சுவரைத் தேய்க்கத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒன்று நான்கானதே, அதுவே பெரிய காரியம். இப்போது பாசிக்கு இரண்டு பம்ப், இரண்டு பை, இரண்டிரண்டு தொட்டியாகப் பிரித்துவிட்டேன்.

மின்சாரப் பக்கம் ஒரு குறை. நீர் பம்புக்கும் பாசி பம்புக்கும் தனித்தனி இணைப்பு, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. நீர் நின்று பாசி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் தொட்டி பழுப்பு ரசமாகிவிடும். ஒரு ரிலே போட்டு, நீர் நின்றால் பாசியும் நிற்கும்படி செய்துகொண்டோம். அதைத் தொழிற்சாலையிலேயே செய்திருக்கலாம். பெரிஸ்டால்டிக் குழாய் ஐந்து வாரத்தில் தட்டையாகி ஓட்டம் குறைகிறது, தொகுதிக்கு ஒன்று மாற்றிவிடுங்கள். ஓட்டமானி பரவாயில்லை. கூம்பின் வழவழப்பு அருமை, எதுவும் தங்குவதில்லை.

கடைசிக் கட்டம் ஒரு வேடிக்கை. வாங்கும்போது குடியமர்த்தும் பகுதி என்று தட்டையான வலைத் தட்டுகளும் கூடவே தந்தார்கள். ஆய்ஸ்டர் வகைச் சிப்பிகளுக்கு அது சரி. மஸ்ஸல் லார்வாவுக்கு நூல் வேண்டும், நார் வேண்டும். கடலிலும் அது முதலில் இழைப்பாசியிலும், செடி போலக் கிளைக்கும் ஹைட்ராய்டு என்ற சிறு உயிரிலும்தான் போய் ஒட்டும், பெரிதான பிறகு இழையை அறுத்துக்கொண்டு வேறு இடம் போகும். 1964-லேயே இதை விவரித்துவிட்டார்கள். எங்கள் லார்வாக்கள் அந்தத் தட்டுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாங்கள் ஒரு நாள் தாமதித்தால் நான் ஒட்டின பேஞ்சோவின் மேலும், காற்றுக் குழாயின் மேலும், சிலிகான் பிசிறு நீட்டியிருந்த ஒரு மூலையிலும் பைசஸ் என்ற ஒட்டும் நூல் விட்டுக் குடியேறிவிட்டன. பேஞ்சோவைத் தூக்கினால் அதன் ஓரம் முழுக்க மிளகுப்பொடி தூவினது போல. அவற்றைப் பீச்சி எடுக்க முடியாது, மென்தூரிகையால் ஒவ்வொரு பகுதியாக வருடித்தான் எடுக்க வேண்டும். இப்போது பாதிக்குக் கண்புள்ளி தெரிந்ததும் அதே நாளில் இறக்கி, பிசிறு வைத்த கயிறு தொங்கும் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். தட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. நாற்று வைக்க யாராவது கேட்டால் கொடுக்கலாம்.

கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 40 பக்கம், அதில் 22 பக்கம் பொருத்துவது எப்படி என்று. லார்வா வளர வளர வலையை எப்போது மாற்றுவது என்று ஒரு வரிதான்: "தேவைக்கேற்ப." நான் வைத்திருப்பது இது: ஐந்தாம் நாள் வரை 45, 130 மைக்ரான் நீளம் தாண்டியதும் 80, 180 தாண்டியதும் 100, கடைசி வாரம் 120. ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் சின்னதை அளந்து முடிவு செய்யுங்கள், சராசரியை நம்பினால் பின்தங்கினவை எல்லாம் வடிகாலில் போகும். சிலர் அது நல்லதுதானே, தானாகத் தரம் பிரிகிறது என்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. பத்தாம் நாள் பின்தங்கினது பல நேரம் பதினைந்தாம் நாள் சேர்ந்துகொள்கிறது. தரம் பிரிப்பதை நான் செய்கிறேன், வலை செய்ய வேண்டாம்.

யாருக்கு இது பொருந்தும்? பாசி அறை வலுவாக இருந்து, லார்வா அறையில் ஆள் குறைவாக இருப்பவர்களுக்கு. தினமும் மைக்ரோஸ்கோப்பில் உட்கார ஒருவர் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. சல்லடை வேலை குறைந்ததால் மிஞ்சின காலைப் பொழுதை நான் அங்கேதான் செலவழிக்கிறேன். வருடத்துக்கு இரண்டே தொகுதி எடுப்பவர்கள் பழைய தொட்டியிலேயே இருக்கலாம், மில்லிலிட்டருக்கு 5க்குப் பதில் 3 வைத்தால் அதுவும் நன்றாகத்தான் வளர்க்கும்.

வடிகட்டிக் கணக்கை விற்றவர்களுக்கு எழுதி அனுப்பியிருந்தேன், என் பேஞ்சோ படத்தோடு. ஆறு மாதம் பதில் இல்லை. போன வாரம் ஒரு பெட்டி வந்தது. உள்ளே நான்கு பெரிய வட்ட வடிகட்டி, இரண்டு முகத்திலும் வலை. கடிதம் எதுவும் இல்லை. அன்று மாலையே ஓரத்தில் 50 ஓட்டைகளை அளந்தேன்: 43 முதல் 47. 12-ஆம் தொகுதி இப்போது ஒன்பதாம் நாளில் இருக்கிறது, நடுவில் எதையும் மாற்றப்போவதில்லை. அடுத்த தொகுதிக்கு மூன்று தொட்டியில் அவர்களுடையதை மாட்டுவேன். நான்காவதில் என்னுடையது இருக்கும்.